கேட்காமல் வராது ஜாஸ்

ஜாஸ் பியானோ கற்க வருகிறவர் கையில் இன்று முதலில் கொடுக்கப்படுவது ஓர் அட்டவணை. பன்னிரண்டு சுருதிகளிலும் மேஜர் ஸ்கேல், அதிலிருந்து கிளைக்கும் ஏழு மோடுகள், எந்தக் கார்டு வந்தால் எந்த ஸ்கேல் என்று கட்டம் போட்ட பட்டியல். இவ்வளவும் விரலில் ஏறிய பிறகுதான் சொந்தமாக வாசிக்கலாம் என்கிறார்கள். ரெக்கார்டு கேட்பதெல்லாம் வீட்டில், ஓய்வு நேரத்தில், ரசனைக்காக. ஒரு பெரிய கலைஞரின் சோலோவைக் காதால் எடுத்து அப்படியே வாசித்துப் பழகுகிறேன் என்று மாணவர் சொல்லிவிட்டால் போதும், உடனே எச்சரிக்கை வரும்: காப்பி அடித்துக்கொண்டே இருந்தால் உன் குரல் எப்போது வரும்?

இந்தக் கருத்து நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது. பாடநூல்கள், வகுப்புகள், தேர்வுகள் எல்லாம் இதை வைத்தே கட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும் இது தவறு, தலைகீழான தவறு. ஜாஸ் பியானோவின் நூறாண்டு வரலாற்றில் நாம் தலைவணங்கும் பெயர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோரின் வாசிப்பைக் காது தேயக் கேட்டு, விரல் நோகப் பிடித்து, அதன் வழியாக வந்தவர்களே அவர்கள். சொந்தக் குரல் அவர்களுக்கு அந்த உழைப்புக்குள்ளேதான் கிடைத்தது. கோட்பாடு தேவை, மறுக்கவில்லை. அதற்குரிய இடம் கேட்டதற்குப் பின்னால் என்பதுதான் என் வாதம்.

ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’ என்ற உருப்படியில் தொடங்கலாம். 1920களின் ஹார்லெமில் இதை வாசித்துக் காட்ட முடியாதவரை ஸ்ட்ரைடு பியானோக்காரர்கள், அதாவது இடது கை அடிச்சுரத்துக்கும் கார்டுக்கும் இடையே தாவித் தாவி நடக்கும் பாணியினர், தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வாஷிங்டனில் இருபது வயதை ஒட்டியிருந்த டியூக் எலிங்டன் இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் தானே வாசிக்கும் பியானோக்கள் அப்போது இருந்தன. அழுந்த வேண்டிய கட்டைகள் தாமாகக் கீழே இறங்கும். எலிங்டன் அந்தச் சுருளின் வேகத்தைக் குறைத்து, இறங்கும் கட்டைகளில் தன் விரல்களை வைத்து, ஜான்சனின் கை எங்கெங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டார். பிறகு ஜான்சன் வாஷிங்டன் வந்தபோது, நண்பர்கள் தூண்டிவிட, அவர் முன்னிலையிலேயே வாசித்தும் காட்டினார். ஃபேட்ஸ் வாலரும் இதே வழியில் ஜான்சனிடம் வந்து சேர்ந்தவர்தான். எலிங்டனின் வாசிப்பையும் வாலரின் வாசிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒருவர் சுருக்கமாக, தட்டித் தட்டி, இடைவெளி விட்டுப் பேசுகிறார்; மற்றவர் பொங்கி வழிகிறார். ஒரே சுருளைப் பிரதி எடுத்த இருவர் இவர்கள். பிரதி எடுத்தால் குரல் போய்விடும் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த தலைமுறை. ஒஹையோ மாநிலத்தின் டோலீடோவில் 1909இல் பிறந்த ஆர்ட் டேட்டமுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. பியானோச் சுருள்களும் வானொலியும் இசைத்தட்டுகளுமே அவருக்குப் பள்ளி. வாலர்தான் அவருடைய ஆதர்சம். அந்த டேட்டம் 1933இல் பதிவு செய்த ‘டைகர் ராக்’ மான்ட்ரியாலில் ஒரு வீட்டுக்குள் போனது. மகன் ஆஸ்கர் பீட்டர்சன் தன் கைவேகத்தில் கொஞ்சம் கர்வப்படத் தொடங்கியிருந்த நேரம் பார்த்து, தந்தை அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே பையன் நினைத்தான். ஒருவர்தான் என்று தெரிந்ததும் வாரக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை. பிறகு உட்கார்ந்தான். பீட்டர்சனுக்கு முறையான செவ்வியல் பயிற்சியும் இருந்தது; அவருடைய ஆசிரியர் பால் டி மார்க்கி, ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் மாணவரிடம் பயின்றவர். அந்தப் பயிற்சி கைக்கு வலு தந்தது. எதை வாசிப்பது, எவ்வளவு உயரம் போகலாம் என்று காட்டியது அந்த இசைத்தட்டு.

அப்படியானால் அட்டவணை எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் ரஸ்ஸல் 1953இல் வெளியிட்ட ‘லிடியன் குரோமாட்டிக் கான்செப்ட்’ ஒரு பெரிய சிந்தனையாளரின் நேர்மையான முயற்சி. கார்டும் ஸ்கேலும் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதை விளக்கப் பார்த்த நூல். அதன் பிறகு ஜாஸ் கல்லூரிக்குள் நுழைந்தது. கல்லூரிக்குப் பாடத்திட்டம் வேண்டும், பாடத்திட்டத்துக்கு மதிப்பெண் வேண்டும். ‘டி மைனர் செவன்த்துக்கு எந்த ஸ்கேல்?’ என்ற கேள்விக்கு அரை நிமிடத்தில் மதிப்பெண் போட்டுவிடலாம். ஒரு மாணவர் பியானோக் கலைஞர் வின்டன் கெல்லியின் தாளத்தை உடம்பில் வாங்கிக்கொண்டாரா என்பதற்கு அப்படிப் போட முடியாது. கற்பிக்க எளிதானது எதுவோ அதுவே கற்க வேண்டியது என்று ஆகிப்போன கதை இது. எளிதில் அளக்கக்கூடிய ஒன்று, அளக்க முடியாத ஒன்றைத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

கெல்லியின் பெயரைச் சொன்னதால் அவருடைய சோலோ ஒன்றையே நெருங்கிப் பார்ப்போம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தொகுப்பில் ‘ஃபிரெடி ஃபிரீலோடர்’. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானது. பி ஃபிளாட்டில் பன்னிரண்டு பார் புளூஸ். தலைப்பு மெட்டு முடிந்ததும் முதல் சோலோ கெல்லியுடையது. அட்டவணையை எடுங்கள். பி ஃபிளாட் செவன்த்துக்கு மிக்சோலிடியன் என்கிறது: பி ஃபிளாட், சி, டி, இ ஃபிளாட், எஃப், ஜி, ஏ ஃபிளாட். இன்னொரு பக்கத்தில் புளூஸ் ஸ்கேல் இருக்கும்: பி ஃபிளாட், டி ஃபிளாட், இ ஃபிளாட், இ, எஃப், ஏ ஃபிளாட். முதல் பட்டியலில் டி ஃபிளாட் கிடையாது. இரண்டாவதில் டி கிடையாது. கெல்லி வாசிக்கும் புளூஸின் உயிரோ இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: டி ஃபிளாட்டைத் தொட்டும் தொடாமலும் தட்டி, அடுத்த கணமே டியில் போய் விழும் அந்த வழுக்கல். டி ஃபிளாட் கறுப்புக் கட்டை, டி வெள்ளைக் கட்டை. ஒரே விரல் மேலிருந்து கீழே சறுக்கினாலே வந்துவிடும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் சறுக்குவது, எதில் எவ்வளவு அழுத்தம், சறுக்கல் பீட்டுக்கு முன்னால் முடிய வேண்டுமா பீட்டின் மேலேயா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் மாற்றுகிறார். அந்த மாற்றம் எதற்கு என்று புரிய, இடது கை எந்த இடைவெளியில் குறுக்கே வெட்டுகிறது, டிரம்ஸில் ஜிம்மி காப் என்ன செய்கிறார் என்று கூடவே கேட்க வேண்டும். இரண்டு ஸ்கேலையும் பன்னிரண்டு சுருதிகளிலும் மின்னல் வேகத்தில் வாசிக்கும் மாணவரை எனக்குத் தெரியும். புளூஸ் வாசிக்கச் சொன்னால் அவரிடமிருந்து ஸ்கேல்தான் வரும். அது அவர் குற்றமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது அதுதான்.

அட்டவணைக் கட்சியினர் இதே தொகுப்பைத் தங்கள் சாட்சியாகக் கூப்பிடுவதுண்டு. ‘ஸோ வாட்’ பாருங்கள், பதினாறு பார் டி டோரியன், எட்டு பார் இ ஃபிளாட் டோரியன், மறுபடி எட்டு பார் டி டோரியன், ஸ்கேல் தெரிந்தால் போதுமே என்பார்கள். போதாது. அந்த மெட்டில் பதில் சொல்லும் இரண்டு கார்டுகளை வாசித்தவர் பில் இவான்ஸ். கீழிருந்து மூன்று ஃபோர்த் அடுக்கி உச்சியில் ஒரு மேஜர் தேர்டு: இ, ஏ, டி, ஜி, பி. அதையே ஒரு சுரம் இறக்கி இன்னொன்று. டோரியனின் ஏழு சுரங்களையும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றால், இந்த அடுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது? பாடநூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘ஸோ வாட்’ கார்டு. ரெக்கார்டைக் கேட்ட பிறகுதான் நூலாசிரியர்களுக்கே அது கிடைத்தது. ஜாஸ் ஆசிரியர் டேவிட் பேக்கர் ‘பீபாப் ஸ்கேல்’ என்று பெயரிட்டதும் இப்படித்தான்: சாக்ஸபோனில் சார்லி பார்க்கரும் பியானோவில் பட் பவலும் நாற்பதுகளில் வாசித்த ஓட்டங்களில், கார்டின் சுரங்கள் பீட்டில் வந்து விழுவதற்காக நடுவே ஓர் அரைச் சுரம் கூடுதலாக நுழைவதைக் கவனித்த பிறகு. பெயர் பிறகு வந்தது. அதை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, எந்த வாசிப்புக்கு அந்தப் பெயரோ அதைக் கேட்காமலே இருப்பது என்ன படிப்பு?

இடது கைக்கும் இதே கதி. டி மைனர் செவன்த்துக்கு எஃப், ஏ, சி, இ. ஜி செவன்த்துக்கு எஃப், ஏ, பி, இ. சி மேஜர் செவன்த்துக்கு இ, ஜி, பி, டி. மூலச் சுரம் இல்லாத இந்தப் பிடிகளை இரண்டு வடிவங்களாகப் பிரித்துப் பன்னிரண்டு சுருதிகளிலும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மாணவர் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறார், அடியில் ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஐம்பதுகளின் கடைசியில் ரெட் கார்லண்டும் கெல்லியும் இவான்ஸும் மூலச் சுரத்தைக் கைவிட்டதற்குக் காரணம் பக்கத்தில் பாஸ் வாசிக்க ஆள் இருந்தது. 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்டில் பதிவான இவான்ஸ் ட்ரியோவைக் கேட்டால் இன்னும் ஒரு படி மேலே புரியும். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பல இடங்களில் மூலச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதே இல்லை, இவான்ஸோடு உரையாடுகிறார். இருவரும் விட்டுவிட்ட சுரத்தை நம் காது தானே நிரப்பிக்கொள்கிறது. (பதினோரு நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது இருபத்தைந்து. இந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் மனம் அங்கே போய்விடுகிறது.) காரணத்தோடு கேட்டு எடுத்த பிடி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று கைக்குத் தெரியும். அட்டவணையிலிருந்து வந்த பிடிக்கு அது தெரியாது.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பில் இவான்ஸ் போல வாசிக்கும் பியானோக்காரர்கள் பெருகினார்கள். பீபாப் காலத்தில் பார்க்கரின் நிழல்கள் எங்கும் இருந்தன. இவையெல்லாம் பிரதி எடுத்ததன் விளைவுதானே? உண்மை, இப்படி நடந்தது. ஆனால் அவர்கள் எங்கே நின்றுபோனார்கள் என்று பாருங்கள். ஒருவரை மட்டும் கேட்டார்கள், அதிலும் மேல்பூச்சை மட்டும் எடுத்தார்கள். இவான்ஸ் யாரைக் கேட்டார்? பட் பவலை, நாட் கிங் கோலை, ஜார்ஜ் ஷியரிங்கை, லென்னி டிரிஸ்டானோவை. பவல் யாரைக் கேட்டார்? டேட்டமையும் தெலோனியஸ் மங்க்கையும், வலது கைக்கு, பியானோவே இல்லாத ஒருவரை, சார்லி பார்க்கரின் சாக்ஸபோனை. ஒருவரைப் பிடித்ததும் அவருக்குப் பின்னால் நிற்பவரைத் தேடிப் போகிறவர் யாருக்கும் நகலாக மாட்டார். நகலாகும் அபாயத்துக்கு மருந்து இன்னும் அதிகம் கேட்பது. கேட்பதைக் குறைத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்தால், அத்தனை பேரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள்; இன்று பல கல்லூரி மேடைகளில் கேட்பது அதைத்தான்.

தெலோனியஸ் மங்க் வளர்ந்தது நியூயார்க்கின் சான் ஹுவான் ஹில் பகுதியில். ஜேம்ஸ் பி. ஜான்சன் குடியிருந்ததும் அங்கேதான். ஜாஸ் பியானோவில் இவரைவிடத் தனித்த குரல் எது? அவர் தனியாக வாசித்த பதிவுகளில் இடது கையைக் கவனியுங்கள். ஸ்ட்ரைடு, அசல் ஹார்லெம் ஸ்ட்ரைடு. கோணல்மாணலாக வந்து விழும் அந்தச் சுரங்கள் எல்லாம் ஜான்சனின் நடையை உள்வாங்கிய தரையின் மேல்தான் விழுகின்றன. பிலடெல்பியாவில் மெக்காய் டைனரின் தாய் அழகு நிலையம் நடத்தினார், பியானோவும் அங்கேயே இருந்தது. அதே தெருப்பக்கம் குடியிருந்த பட் பவல் வந்து அதில் வாசித்ததைப் பதின்ம வயது டைனர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். பத்தாண்டு கழித்து ஜான் கோல்ட்ரேனோடு டைனர் வாசித்ததில் பவலின் நகல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பெரியவர்களுக்குக் கோட்பாடும் தெரியுமே என்பது அடுத்த வாதம். தெரியும். ஹெர்பி ஹான்காக்கைவிட அதற்கு நல்ல சான்று கிடையாது. பதினொரு வயதில் சிகாகோ சிம்பொனியோடு மொசார்ட் வாசித்த பையன். கோட்பாடு என்று எதைச் சொன்னாலும் அவரிடம் அப்போதே அதற்கு அடித்தளம் இருந்தது. ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் தன் வயதுப் பையன் ஒருவன் தாளில்லாமல், சொந்தமாக வாசிப்பதைப் பார்த்தபோது, அது எப்படி நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஜார்ஜ் ஷியரிங்கைக் கேள் என்றான் அந்தப் பையன். வீட்டில் அம்மா வாங்கி வைத்திருந்த ஷியரிங் தட்டுகள் கிடந்தன. அதிலிருந்து ஒவ்வொரு இசைத்தொடராகப் பிடித்து, எழுதி, இது ஏன் இப்படிப் போகிறது என்று தோண்டினார். ஹை-லோஸ் என்ற பாடகர் குழுவுக்குக் கிளேர் ஃபிஷர் அமைத்த குரல் அடுக்குகளையும் தட்டிலிருந்தே எடுத்தார். தன் ஹார்மனிக்கு அதுவும் ஒரு வேர் என்று அவரே சொல்லியிருக்கிறார். கோட்பாடு அவருக்குக் கேட்டதைப் புரிந்துகொள்ளும் கருவி. இந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன்.

சரி, சோலோக்களெல்லாம் அச்சிலேயே கிடைக்கின்றனவே, காதால் எதற்கு எடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்விங்கை எழுத முடியாது என்பதே காரணம். தாளில் இரண்டு எட்டாம் பங்குச் சுரங்கள் சமமாக நிற்கும். மெதுவான நடையில் முதலாவது நீண்டு இரண்டாவது குறுகும். வேகம் ஏற ஏற இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஒவ்வொரு கலைஞருக்கும் இதில் தனிக் கணக்கு. கார்லண்டுக்கும் கெல்லிக்கும் உள்ள வித்தியாசமே பாதி இதில்தான். இந்த இடத்தில் பியானோக் கலைஞர் விஜய் ஐயர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர். வயலின் முறையாகப் பல ஆண்டுகள் கற்றார். பியானோ பெரும்பாலும் காதாலும் கையாலும் தானே தேடிக்கொண்டது. மங்க் அவருக்கு ஆசான்களில் முக்கியமானவர். 1998இல் பெர்க்லியில் அவர் முடித்த முனைவர் ஆய்வின் மையமே, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையின் தாளம் உடம்பில் உணரப்படுவது, நொடியின் நுண்ணிய பகுதிகளில் நிகழும் விலகல்களில் அதன் உயிர் இருக்கிறது என்பது. இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். படிப்பின் உச்சியில் நிற்கும் ஒருவரே ஆய்வு செய்து சொன்ன அந்த நுண்விலகலைத் தாளில் அச்சடித்துக் கொடுக்க எந்தப் பதிப்பகத்தாலும் ஆகாது.

லென்னி டிரிஸ்டானோ இதை நாற்பதுகளிலேயே தன் கற்பித்தலாக ஆக்கிவிட்டார். நியூயார்க்கில் அவரிடம் படித்தவர்கள் லெஸ்டர் யங், பார்க்கர் சோலோக்களை முதலில் ரெக்கார்டோடு சேர்ந்து பாட வேண்டும். மூச்சு விடும் இடம், இழுப்பு, அழுத்தம் எல்லாம் அச்சாக வரும்வரை பாட வேண்டும். வாத்தியத்தில் கை வைப்பது அதற்குப் பிறகு. இப்படிப் படித்த லீ கோனிட்ஸ்தான், ஆல்ட்டோ சாக்ஸபோன் எடுத்த எல்லோரும் பார்க்கராக முயன்ற காலத்தில், பார்க்கர் சாயலே இல்லாமல் நின்றவர். இன்று வேகத்தைக் குறைத்துத் தரும் செயலிகள் இருக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள், எலிங்டன் சுருளை மெதுவாக்கியதும் அதுதானே. ஆனால் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து கட்டைகள் மேல் வந்து விழும் வீடியோக்களை மூடி வையுங்கள். அங்கே கண் வேலை செய்கிறது, காது தூங்குகிறது.

கர்நாடக இசை காதில் விழும் வீடுகளில் இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆரோகண அவரோகணம் ஒப்பித்து யாரும் தோடி பாடியதில்லை. குருவிடம் சங்கதி சங்கதியாகப் பாடாந்தரம் செய்து, கேள்வி ஞானத்தால் ராகம் ஊறி, அதன் பிறகு மனோதர்மம். பெரிய வித்வான்களின் கச்சேரியைத் தவறாமல் கேட்கச் சொல்லிக் குழந்தையை அனுப்பும் அதே பெற்றோர், அடுத்த அறையில் பியானோ வகுப்பு என்றதும் ஸ்கேலும் தேர்வுச் சான்றிதழும் போதும் என்று எப்படி ஒப்புக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு அவ்வளவு நல்ல காது இல்லையே என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். டேட்டமில் தொடங்கினால் யாருக்குமே காது இருக்காது. கவுன்ட் பேசியில் தொடங்குங்கள். ஒரு பாரில் இரண்டு சுரம் தட்டிவிட்டுப் புன்னகைப்பவர். அல்லது ‘ஃபிரெடி ஃபிரீலோடரில்’ கெல்லியின் முதல் சுற்று. அதிலும் முதல் நான்கு பார். 1966இல் வந்த ஆவணப்படம் ஒன்றில் இசை ஆசிரியரான தன் அண்ணன் ஹாரியிடம் இவான்ஸ் இதைத்தான் வற்புறுத்துகிறார்: முழுதையும் உத்தேசமாகத் தொட்டுப் பார்ப்பதைவிட, சின்ன ஒன்றை உண்மையாக, துல்லியமாகச் செய். நான்கு பார் காதுக்கு வர ஒரு வாரம் ஆனால் ஆகட்டும். அந்த ஒரு வாரத்தில் டி ஃபிளாட் டியில் விழும் விதம், இடது கையின் வெட்டு, பீட்டோடு உள்ள உறவு எல்லாம் சேர்ந்தே உள்ளே போகிறது. பிறகு அதை டியில் வாசித்துப் பாருங்கள், ஏயில் வாசித்துப் பாருங்கள். கைவிரல் சறுக்கல் அங்கே வசதியாக வராது, வேறு வழி தேட வேண்டியிருக்கும். அங்கிருந்துதான் உங்கள் வாசிப்பு தொடங்குகிறது.

ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரு மணி நேர வகுப்பில் பாதியையாவது ரெக்கார்டுக்குக் கொடுங்கள். அந்த நான்கு பாரை மாணவர் முதலில் பாடட்டும். பாட வந்தவருக்குப் பியானோவைத் திறந்து கொடுங்கள். வராதவருக்கு இன்னொரு முறை ரெக்கார்டைப் போடுங்கள்.